பக்கத்தில் பெரிய அடுக்குமாடித் திட்டம் வருகிறதா? ஆட்சேபனை சொல்ல நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் நகர் தென்சென்னைப் புறநகரில், ஒரு ஏரியின் கலங்கலுக்கு, அதாவது நிரம்பிய ஏரியின் உபரி நீர் வழியும் இடத்துக்கு, கீழே இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் நின்ற மட்டம் என் வீட்டுச் சுவரில் பழுப்புக் கோடாக இன்னும் தெரிகிறது. இரண்டு முறை வெள்ளையடித்தும் மேலே எழுந்து வருகிறது. சில வருஷம் கழித்து எதிர்ப்பக்கக் காலி நிலத்தில் பல நூறு வீடுகள் கொண்ட திட்டம் வருகிறது என்று கேள்விப்பட்டபோது, எங்கே போய் யாரிடம் சொல்வதென்று எங்கள் நலச்சங்கத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. அலைந்து, தவறு செய்து, சில மாதங்களை வீணாக்கிவிட்டுத்தான் தெரிந்துகொண்டோம். இப்போது பக்கத்து நகர்க்காரர்கள் போன் செய்து கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் எழுதியே வைத்துவிடுகிறேன். சென்னைப் பெருநகரை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்ற மாவட்டத்துக்காரர்கள், சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், என்று வரும் இடத்தில் நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது டிடிசிபி, என்று படித்துக்கொள்ளுங்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் எப்போது நடத்துவார்கள்?

நடத்த மாட்டார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் நாங்கள் அந்தக் கூட்டத்துக்காகக் காத்திருந்தே மூன்று மாதத்தைக் கோட்டைவிட்டோம்.

சுரங்கம், அனல் மின் நிலையம், சிமென்ட் ஆலை போன்றவற்றுக்குக் கலெக்டர் தலைமையில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடப்பதைப் பேப்பரில் பார்க்கிறோம். 30 நாள் முன்னதாக விளம்பரம் கொடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்யும். இது 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட மத்திய அரசின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் உள்ள முறை. அதே அறிவிக்கை கட்டடங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் இந்தக் கூட்டத்திலிருந்து விலக்குக் கொடுத்திருக்கிறது. 20,000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 2.15 லட்சம் சதுர அடி, அல்லது அதற்கு மேல் கட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியே ஆக வேண்டும். ஆனால் பக்கத்தில் குடியிருப்பவர்களைக் கூட்டி வைத்துக் கேட்க வேண்டியதில்லை.

இது சரியல்ல என்பதுதான் என் கருத்து. ஆயிரம் குடும்பம் புதிதாக வந்து சேரும் இடத்தில் தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும் என்பது ஏற்கெனவே அங்கே இருப்பவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர்களைக் கேட்காமல் கோப்பு நகர்கிறது. ஆனால் சட்டம் மாறும்வரை, இருக்கிற கதவுகளைத்தான் தட்ட வேண்டும்.

அப்படி என்னென்ன கதவு இருக்கிறது?

நான்கு இடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது மாஸ்டர் பிளான். எந்த நிலம் குடியிருப்பு, எது விவசாயம், எது நீர்நிலை என்று அங்கேதான் வண்ணம் அடிக்கிறார்கள். 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, வரைவை வெளியிட்டு மக்களிடம் ஆட்சேபனை கேட்க இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும். இப்போது நடைமுறையில் இருக்கும் சென்னையின் இரண்டாம் மாஸ்டர் பிளான் 2008-ல் வந்தது. அதன் காலம் 2026-ஓடு முடிகிறது. அடுத்ததன் வரைவு வரும்போது உங்கள் சர்வே எண்ணுக்கு என்ன நிறம் என்று பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். அன்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருந்தால் எங்களுக்கு இத்தனை அலைச்சல் இருந்திருக்காது.

இரண்டாவது நில உபயோக மாற்றம். விவசாயமாகவோ வேறு எதுவாகவோ இருக்கும் நிலத்தைக் குடியிருப்பாக மாற்றக் கேட்கும்போது நாளிதழில் அறிவிப்பு வரும். டெண்டர் நோட்டீஸ்களுக்கு நடுவே, பொடி எழுத்தில், கிராமப் பெயரும் சர்வே எண்ணும் மட்டும் இருக்கும். கடைசித் தேதி அதிலேயே போட்டிருக்கும், அவகாசம் சில வாரங்கள்தான். எங்கள் சங்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தினமும் காலையில் காபியோடு இந்த ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறார். அதுவே சங்கத்துக்கு அவர் செய்யும் பெரிய வேலை.

மூன்றாவது சுற்றுச்சூழல் அனுமதி. மாநில வல்லுநர் மதிப்பீட்டுக் குழு பரிசீலிக்கும், மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் முடிவெடுக்கும். அலுவலகம் சைதாப்பேட்டை பனகல் மாளிகையில். பரிசீலனைக்கு 60 நாள், அதன்பின் முடிவுக்கு 45 நாள் என்று அறிவிக்கை கணக்கு வைத்திருக்கிறது. நம்மைக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் எழுத்தில் கொடுப்பதை யாரும் தடுக்க முடியாது. நல்ல ஆதாரத்தோடு கடிதம் போனால் குழு பில்டரிடம் கூடுதல் விளக்கம் கேட்கும், சில நேரம் இடத்தையே வந்து பார்க்கும்.

நான்காவது திட்ட அனுமதி. எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் சிஎம்டிஏ கொடுப்பது. 18.30 மீட்டருக்கு மேல் உயரம் போனால் அது உயர்மாடிக் கட்டடம். சாலை அகலம், தீயணைப்பு, போக்குவரத்துக் காவல், நீர்வளத் துறை என்று ஒவ்வொரு இடத்திலிருந்தும் என்ஓசி, அதாவது தடையின்மைச் சான்று, வேண்டும். அந்தந்தத் துறைக்கும் தனித்தனியாக எழுதலாம்.

திட்டம் வருவதே எங்களுக்குத் தெரியாதே, எப்படிக் கண்டுபிடிப்பது?

தகரத் தடுப்பு வைத்த பிறகு தெரிந்துகொள்வது தாமதம். மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் சுற்றுச்சூழல் அனுமதிக்கான விண்ணப்பம், குழுவின் கூட்ட நிகழ்ச்சி நிரல், கூட்டக் குறிப்பு எல்லாம் வரும். மாவட்டத்தையும் மாநிலத்தையும் போட்டுத் தேடினால் உங்கள் கிராமப் பெயர் கண்ணில் படும். வருவாய்க் கிராமத்தின் பெயரில் தேடுங்கள். நகருக்கு நாம் வைத்துக்கொண்ட பெயர் எந்தக் கோப்பிலும் இருக்காது.

விற்பனை விளம்பரம் வந்துவிட்டால் ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு இருந்தாக வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது எட்டு வீட்டுக்கு மேற்பட்ட திட்டம் என்றால் பதிவு கட்டாயம். அங்கேயும் ஆவணங்கள் கிடைக்கும்.

ஆட்சேபனைக் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

எங்கள் முதல் கடிதம் நான்கு பக்கம். "இப்பகுதி மக்கள் சொல்லொணாத் துயரத்துக்கு ஆளாவோம்" என்று ஆரம்பித்தது. அதற்குப் பதிலே வரவில்லை.

இரண்டாவது கடிதம் ஒன்றரைப் பக்கம். அது எப்படி வந்தது என்று சொல்கிறேன். சங்கத்தில் ஒரு தம்பி சர்வேயரிடம் வேலை பார்த்தவர். அந்த நிலத்தின் புலப்பட வரைபடத்தை, எஃப்எம்பி என்பார்களே அதை, எடுத்து வந்தார். ஏரிக் கலங்கலிலிருந்து இறங்கும் வாய்க்கால் திட்ட நிலத்தின் கிழக்கு ஓரமாகப் போவது அதில் தெளிவாக இருந்தது. வருவாய்த் துறையின் நிலக் கணக்கான அ-பதிவேட்டில் அது வாய்க்கால் புறம்போக்கு. பில்டர் பரிவேஷில் ஏற்றியிருந்த வரைபடத்தில் அதே இடத்தில் உள்சாலை. வாய்க்காலைக் கடக்க ஒரே ஒரு குழாய்க் கல்வெர்ட், அதாவது குழாய் புதைத்த சிறு பாலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு பேர் டேப்பைப் பிடித்துக்கொண்டு முள்ளுக்குள் இறங்கினோம். கலங்கலுக்குப் பக்கத்தில் கருங்கல் கரை கட்டிய இடத்தில் வாய்க்கால் ஆறு மீட்டர் அகலம் இருந்தது. இருநூறு அடி தள்ளி வந்தால் கட்டட இடிபாடு கொட்டி ஒன்றரை மீட்டராகச் சுருங்கியிருந்தது. இரண்டு இடத்திலும் டேப்போடு போட்டோ எடுத்தோம். என் சுவரில் இருக்கும் வெள்ளக் கோட்டையும் தரையிலிருந்து அளந்து சேர்த்தோம். நான்கு அடி இரண்டு அங்குலம்.

அந்தக் கடிதத்தில் துயரம் என்ற சொல்லே இல்லை. சர்வே எண், வாய்க்காலின் அகலம், விண்ணப்பத்தில் காட்டிய அகலம், வெள்ள மட்டம், போட்டோ, அவ்வளவுதான். குழு அடுத்த கூட்டத்திலேயே நீர்வளத் துறையின் அறிக்கை கேட்டது.

ஆகவே எழுதும்போது ஒன்றைப் பாருங்கள்: நாம் சொல்வதை ஒரு அதிகாரி நேரில் வந்தோ கோப்பைத் திறந்தோ சரிபார்க்க முடியுமா? முடியும் என்றால் எழுதுங்கள். சாலை அகலம் வரைபடத்தில் ஒன்றும் நேரில் ஒன்றுமாக இருப்பது, குடிநீர் வாரிய இணைப்பு இல்லாத இடத்தில் அதைக் காட்டியிருப்பது, சுத்திகரித்த கழிவுநீர் போக இடமே இல்லாமல் இருப்பது, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் விட வேண்டிய 10 சதவீதத் திறந்தவெளி நிலம் மூலையில் யாரும் போக முடியாத இடத்தில் இருப்பது, இவையெல்லாம் நிற்கும்.

வெயில் மறையும், எங்கள் வீட்டு விலை குறையும், யார் யாரோ வந்து குடியேறுவார்கள் என்று எழுதலாமா?

காற்று வெளிச்சம் பற்றிச் சொல்வதானால் கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய இடைவெளி விதிப்படி இருக்கிறதா என்று அளவோடு சொல்லுங்கள். வீட்டு விலையை எழுதாதீர்கள், அதைக் கேட்க அங்கே யாருக்கும் வேலை இல்லை.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒருவர், "குடிசை மாற்று வாரிய வீடு வந்தால் ஏரியா கெட்டுப்போகும், அதையும் சேர்த்து எழுதுங்கள்" என்றார். எழுத மாட்டோம் என்று சொல்லிவிட்டோம். இன்னார் இங்கே வாழக் கூடாது என்பது ஆட்சேபனை அல்ல. அப்படி ஒரு வரி கடிதத்தில் இருந்தால் மற்ற எல்லா நியாயமும் அடிபட்டுப் போகும், போகவும் வேண்டும்.

நகரத்துக்குள்ளிருந்து கூவம், அடையாறு கரைகளிலிருந்து தூக்கிப் பெரும்பாக்கத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்கு வீடுகளில் கொண்டுபோய் வைத்தார்களே, அவர்களை யார் கேட்டார்கள்? வேலை ஒரு இடம், பள்ளி ஒரு இடம், வீடு முப்பது கிலோமீட்டர் தள்ளி. ஒரு குடியிருப்புத் திட்டத்தில் பேச உரிமை உள்ளவர்கள் என்றால் சுற்றுச் சுவருக்கு வெளியே இருக்கும் நாம் மட்டும் இல்லை. உள்ளே வந்து வாழப் போகிறவர்களும்தான். அவர்களும் அதே வெள்ளத்தில் நிற்கப் போகிறவர்கள்.

ஐந்நூறு கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் போதுமா?

ஒரே ஜெராக்ஸில் ஐந்நூறு கையெழுத்து என்றால் அது ஒரு கடிதம்தான். பன்னிரண்டு பேர் பன்னிரண்டு விஷயம் எழுதினால் பன்னிரண்டு. ஆட்டோ ஓட்டும் அண்ணன் காலை எட்டரைக்கு மெயின் ரோட்டில் வண்டி எத்தனை நிமிஷம் நிற்கிறது என்று ஒரு வாரம் குறித்துக் கொடுத்தார். மாடி வீட்டு அக்கா, கோடையில் கிணறு வற்றும் தேதியை ஐந்து வருஷமாகக் காலண்டரில் எழுதி வைத்திருந்தார். போர் போட்டவர்கள் எத்தனை அடியில் தண்ணீர் கண்டார்கள் என்று இன்னொருவர். இப்படிப்பட்ட தாள்களுக்கு மதிப்பு அதிகம்.

எதைக் கொடுத்தாலும் தபால் பிரிவில் தேதி முத்திரை போட்ட நகலைக் கையில் வாங்காமல் வராதீர்கள். இல்லையென்றால் வந்து சேர்ந்ததற்கு ஒப்புகை கேட்டு ஸ்பீட் போஸ்ட். பின்னால் கோர்ட்டில் "யாருமே ஆட்சேபிக்கவில்லை" என்று சொல்லும்போது அந்த முத்திரைதான் பேசும்.

எங்கள் ஊர் இன்னும் ஊராட்சிதான். கிராம சபையில் தீர்மானம் போட்டால் திட்டம் நின்றுவிடுமா?

அதனாலேயே நிற்காது. ஆனாலும் கட்டாயம் போடுங்கள். குடியரசு தினம், மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினம் என்று இப்போது வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. குறைந்தபட்ச வருகை இருந்தால்தான் தீர்மானம் செல்லும். 3,001 முதல் 10,000 வரை மக்கள்தொகை என்றால் 200 பேர் வேண்டும். ஆளைத் திரட்டிக்கொண்டு போங்கள். தீர்மானத்தில் சர்வே எண்ணையும் வாய்க்கால் பெயரையும் சொல்லியிருந்தால் அது எந்த விசாரணையிலும் ஆவணம். மாநகராட்சிப் பகுதி என்றால் வார்டு கமிட்டியும் பகுதி சபையும் இருக்கின்றன. அங்கேயும் நிகழ்ச்சிக் குறிப்பில் ஏறும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்டிஐ-யில், அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், என்ன கேட்பது?

"ஏன் அனுமதி கொடுத்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் பதில் வராது, ஆவணம் கேட்டால் வரும். இந்தச் சர்வே எண்ணுக்கான திட்ட அனுமதி விண்ணப்பம், வரைபடம், நீர்வளத் துறையின் என்ஓசியும் அதன் நிபந்தனைகளும், தீயணைப்புத் துறைக் கடிதம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள் கெடு. பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கோப்பை நேரில் பார்வையிடவும் உரிமை இருக்கிறது. அதைக் கேட்டுப் போய் உட்கார்ந்து பாருங்கள். நமக்கு நகல் கேட்கத் தோன்றாத குறிப்புகள் அங்கேதான் கண்ணில் படும்.

கவுன்சிலரும் பில்டரின் ஆளும் "உட்கார்ந்து பேசலாம்" என்கிறார்கள்.

பேசுங்கள். சங்கமாகப் பேசுங்கள், பேசியதை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதுங்கள். தனி ஆளாக யாரும் போகக் கூடாது.

சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும், ஆனால் நாளை எண்ண வேண்டும். 2010-ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி, அனுமதி தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். 91-ஆவது நாள் போனால் எவ்வளவு நல்ல வழக்காக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். வக்கீல் இல்லாமல் நீங்களே ஆஜராகலாம், ஆனால் நல்ல வக்கீல் கிடைத்தால் விடாதீர்கள்.

அனுமதி கிடைத்ததை பில்டர் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் செய்ய வேண்டும். உள்ளாட்சி அலுவலகத்துக்கும் நகல் போக வேண்டும், அங்கே அதை 30 நாள் ஒட்டி வைக்க வேண்டும். ஒட்டியிருக்கிறார்களா என்று போய்ப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அதையும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள்.

பள்ளிக்கரணை விஷயத்தில் நீதிமன்றம் தலையிட்டதே, அது எங்களுக்கும் பொருந்துமா?

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. அந்த எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், பாதிப்பு மண்டலம் எதுவரை என்று அறிவியல் முறைப்படி வரையறுக்கும்வரை கட்டுமான அனுமதி கொடுக்கக் கூடாது என்று 2025 செப்டம்பரில் தென்மண்டலத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அடுத்த மாதமே, பெரும்பாக்கத்தில் ஒரு பெரிய குடியிருப்புத் திட்டத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்த நிலம் ராம்சார் எல்லைக்குள்ளா வெளியேயா என்பதில்தான் சண்டையே.

உங்கள் ஏரி ராம்சார் தலம் இல்லையென்றால் அந்த உத்தரவு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. எல்லையைத் தரையில் அளந்து கல் நடாதவரை, காகிதத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வரையலாம். உங்கள் ஏரியை அளந்து எல்லைக்கல் நட்டிருக்கிறார்களா என்று தாசில்தாரிடம் இன்றே எழுதிக் கேளுங்கள். வழக்கு வந்த பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

பாதிக் கட்டடம் எழும்பிவிட்டதே?

கஷ்டம்தான், பொய் சொல்ல விரும்பவில்லை. ஒவ்வொரு தளம் ஏற ஏற, பணம் கட்டிய குடும்பங்களின் எண்ணிக்கையும் ஏறுகிறது. நீதிமன்றமும் அதைப் பார்க்கும்.

நொய்டாவில் இரட்டைக் கோபுரத்தை இடித்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அது விதிமீறலை எதிர்த்து அங்கேயே குடியிருந்தவர்களின் சங்கம் போட்ட வழக்கு. 2012-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் போனார்கள், 2014-ல் ஜெயித்தார்கள், 2021 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது, 2022 ஆகஸ்ட் 28-ல் கட்டடம் தரைமட்டமானது. பத்து வருஷம். கொச்சி மரடில் 2020 ஜனவரியில் கடலோர ஒழுங்குமுறை விதியை மீறிய நான்கு அடுக்குமாடிகளை வெடி வைத்துத் தகர்த்தபோது, அங்கே குடியிருந்த குடும்பங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு இறங்கியதைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. அவர்கள் தவறு எதுவும் செய்யவில்லை. வாங்குகிறவர்களை எதிரியாகப் பார்க்காதீர்கள். முடிந்தால் புக் பண்ணியவர்களிடமே உங்கள் ஆவணங்களைக் காட்டுங்கள். எங்களுக்குக் கிடைத்த மிகத் தெளிவான தளத் திட்டத்தை, புக் பண்ணிய ஒருவர்தான் அனுப்பினார்.

எங்களுக்கு ஆங்கிலம் வராது. தமிழிலேயே எழுதினால் எடுத்துக்கொள்வார்களா?

சிஎம்டிஏ, கலெக்டர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று மாநில அலுவலகம் எதற்கும் தமிழில் எழுதலாம். ஆர்டிஐ மனுவும் தமிழில் போடலாம், சட்டமே அதற்கு இடம் தருகிறது. பசுமைத் தீர்ப்பாயத்தில் மட்டும் ஆங்கிலம் வேண்டும். சிக்கல் நாம் எழுதுவதில் இல்லை, நாம் படிக்க வேண்டியதில்தான். பரிவேஷில் வரும் திட்ட அறிக்கை நூறு நூற்றைம்பது பக்கம், முழுக்க ஆங்கிலம்.

2020-ல் புதிய சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை மத்திய அரசு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் வெளியிட்டபோது, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எல்லா மொழிகளிலும் கொடுக்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கருத்துச் சொல்லும் அவகாசத்தையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டியது. தேசிய வரைவுக்கே அப்படி என்றால், என் தெரு முனையில் வரும் திட்டத்தின் சுருக்கம் தமிழில் வேண்டும் என்று கேட்பது பெரிய விஷயமா? ஒவ்வொரு கடிதத்திலும் இந்த ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறோம். நீங்களும் சேருங்கள். அதுவரை, கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேரை உட்கார வைத்து, தண்ணீர், கழிவுநீர், மழைநீர் வடிகால் என்ற மூன்று அத்தியாயத்தை மட்டும் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். முக்கியமானது எல்லாம் அந்த மூன்றில் இருக்கும்.

உங்கள் நகரில் கடைசியில் என்ன ஆனது?

திட்டம் வந்தது. கட்டடம் நிற்கிறது, ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். அவர்களில் மூன்று பேர் இப்போது எங்கள் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். ஆனால் உள்சாலை வாய்க்கால் மேல் போகவில்லை. ஆறு மீட்டர் அகலத்துக்கு வாய்க்காலைத் திறந்தே விட வேண்டும், குழாய்க்குப் பதில் பெட்டிக் கல்வெர்ட் கட்ட வேண்டும், வருஷா வருஷம் மழைக்கு முன் தூர் வார வேண்டும் என்று அனுமதியில் மூன்று நிபந்தனை சேர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் என் வாசற்படி வரை வந்து நின்றது, உள்ளே வரவில்லை.

நிபந்தனைகளை நிறைவேற்றியதற்கான அறிக்கையை ஒவ்வொரு ஜூன் 1-க்கும் டிசம்பர் 1-க்கும் கொடுக்க வேண்டும். கடைசியாகக் கொடுத்த அறிக்கையில் வாய்க்கால் முழுவதும் தூர் வாரியாகிவிட்டது என்று இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு, அதே டேப்பை எடுத்துக்கொண்டு போகிறோம். புதுக் குடியிருப்புக்காரர்களும் வருகிறார்கள்.